பறக்கிற தாராவுக்கு வெடி பிந்திப் போகிறது, எப்படித் திருத்தலாம்?

கோப்பாய்ப் பெடியன்:

எல்லோருக்கும் வணக்கம். நான் கோப்பாய். எட்டு வருடமாக ஒன்ராறியோவில் இருக்கிறேன். பொங்கலுக்கு வந்து இப்போது ஊரில்தான் நிற்கிறேன், மாசிக் கடைசியில் திரும்பிப் போவேன். அங்கே மூன்று சீசனாக மச்சானோடு தாரா வேட்டைக்குப் போய் வருகிறேன். துவக்குப் பாடம், லைசென்ஸ், வலசைப் பறவைக்கான அனுமதி எல்லாம் முறைப்படி எடுத்தாகிவிட்டது, அதைப் பற்றிக் கேட்கவில்லை. வெடி படாததைப் பற்றித்தான் கேட்கிறேன்.

போன சீசனில் ஒரு கொப்பியில் கணக்கு எழுதி வைத்தேன். 58 தோட்டா போயிருக்கிறது, கையில் வந்தது 7 தாரா. இன்னும் 2 அடிபட்டு நாணல் பற்றைக்குள் இறங்கின, இடுப்பளவு தண்ணீரில் ஒரு மணித்தியாலம் தேடியும் கிடைக்கவில்லை. தப்பிப் பறந்து போனவை பற்றி எனக்குக் கவலை இல்லை, அந்த இரண்டும்தான் இன்னும் மனதுக்குள் கிடக்கின்றன. இனி இப்படி நடக்கக்கூடாது என்றால் ஒன்று நான் சுடப் பழக வேண்டும், இல்லை துவக்கை வைத்துவிட வேண்டும்.

துவக்கு 12 போர் பம்ப், 28 அங்குலக் குழல், மொடிஃபைட் சோக் (சோக் என்பது சன்னம் பரவுவதைக் கட்டுப்படுத்துகிற குழல் நுனி ஒடுக்கம்). ஸ்டீல் 2ஆம் நம்பர் சன்னம், 3 அங்குலத் தோட்டா. நிற்கிற இலக்குக்கு ஒரு பிழையும் இல்லை, கடதாசி மட்டை கட்டி ஒரு கண்ணை மூடிக் குறி வைத்தால் நடுவில்தான் சன்னம் விழுகிறது. பறக்கிறதுக்கு இரண்டு கண்ணையும் திறந்து வைக்கச் சொன்னார்கள், அப்படித்தான் செய்கிறேன். கொப்பியைத் திரும்பப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது: விழுந்த 7இல் 5 எனக்கு வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போனவை, மற்ற இரண்டும் நேரே தலைக்கு மேலே வந்தவை. இடமிருந்து வலம் போன ஒன்றுகூட விழவில்லை. நான் வலக்கைக்காரன்.

மச்சான் "முன்னுக்கு வை, முன்னுக்கு வை" என்கிறான். எவ்வளவு முன்னுக்கு என்று கேட்டால் "அது தானாக வரும்" என்கிறான், அவனுக்கு வந்துவிட்டது, எனக்கு வரவில்லை.

முந்தநாள் பின்னேரம் பருத்தித்துறையிலிருந்து வரும்போது வல்லைவெளியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். கடல்நீரேரியில் ஊசிவால் தாரா ஒரு பெரிய கூட்டம். எழும்பிக் காற்றோடு போனபோது சும்மா விரலை நீட்டி ஒன்றைத் தொடர்ந்து பார்த்தேன். "இப்போது" என்று மனதுக்குள் சொன்ன ஒவ்வொரு முறையும் விரல் அதன் வாலுக்குப் பின்னால் நின்றுவிட்டது. இங்கே துவக்குத் தொட வழியில்லை, தேவையுமில்லை. ஆனால் கையில் ஐந்து கிழமை இருக்கிறது. துவக்கு இல்லாமல் இங்கிருந்தே என்ன பழகலாம்?

தொண்டைமானாறு:

தம்பி, எனக்கு எழுபத்தொரு வயது. எங்கள் அப்புவிடம் லைசென்ஸோடு இரட்டைக்குழல் துவக்கு ஒன்று இருந்தது, எழுபதுகளில் அவருக்குப் பின்னால் தோட்டாப் பை தூக்கிக்கொண்டு பரவைக்கடல் சேற்றில் நடந்தவன் நான். எண்பதுகளில் அந்தத் துவக்கு வீட்டை விட்டுப் போனது, அதோடு எல்லாம் முடிந்தது. இன்றைக்கு இங்கே அது சட்டத்துக்கு விரோதம், நானும் யாருக்கும் சொல்ல மாட்டேன். நீர் கேட்பது வேறு நாட்டில் முறைப்படி செய்கிற காரியம் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உம்முடைய விரல் வல்லைவெளியில் நின்றுபோனது என்று எழுதியிருக்கிறீர், மருந்து அதற்குத்தான் வேண்டும். துவக்கும் அப்படித்தான் நிற்கிறது. பறவையைப் பின்தொடர்ந்து வருகிறீர், முந்துகிறீர், இடைவெளி போதுமா என்று பார்க்க ஒரு கணம் பறவையை விட்டுக் குழல் நுனியைப் பார்க்கிறீர். கண் குழலுக்கு வந்த உடனே கை நின்றுவிடும். நீர் நிற்பதாக உமக்குத் தெரியாது. விசையை இழுக்கும்போது தாரா தன் பாட்டுக்குப் போய்விட்டது.

தோட்டத்துக்கு இறைத்திருப்பீர்தானே. மெசின் பைப்பைக் கையில் பிடித்து வரம்பால் ஓடுகிற நாய்க்குத் தண்ணீர் அடித்துப் பாரும். நாய்க்கு நேரே பிடித்தால் தண்ணீர் அதன் பின்னால்தான் விழும். நாயைத் தாண்டிப் பிடித்து, தண்ணீர் போய்ச் சேரும் வரைக்கும் கையை நிறுத்தாமல் கொண்டுபோனால்தான் நனையும். பிடித்த கையை அந்த நேரம் நிறுத்தினால் திரும்பவும் பின்னால்தான். துவக்கும் அப்படித்தான். வெடி வெடித்த பிறகும் குழல் இன்னும் ஒரு முழம் போக வேண்டும். அப்பு வெடி வைத்து தாரா தலைகீழாகப் புரளுகிற நேரத்திலும் அவர் இடுப்பு திரும்பிக்கொண்டே இருக்கும், அது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

செய்கிற முறை இது. குழலைத் தாராவின் வாலுக்குப் பின்னால் கொண்டு வாரும், அதே பாதையில் வால், வயிறு, அலகு என்று கடந்து போம், அலகைத் தாண்டி வெளி தெரிகிறபோது இழும், இழுத்த பிறகும் போம். கண் எந்த நேரமும் அலகில் இருக்க வேண்டும். குழல் கண்ணின் ஓரத்தில் மங்கலாகத் தெரிந்தால் போதும்.

கூட்டமாக வந்தால் ஒன்றைத் தெரிந்தெடும். கூட்டத்துக்கு வெடி வைக்கிறவன் பறவைகளுக்கு நடுவே இருக்கிற வெளிக்குத்தான் வெடி வைக்கிறான். பட்டாலும் ஒரு சன்னம், இரண்டு சன்னம் என்று பட்டுக் காயத்தோடு போகும், நீர் தேடிக் கிடைக்காத இரண்டும் அப்படிப் போனவையோ என்று யோசித்துப் பாரும்.

அடுத்தது கால். சேற்றில் நின்றால் கால் புதைந்துவிடும், பிறகு இடுப்புத் திரும்பாது, கையால் மட்டும் துவக்கைத் தள்ளப் பார்ப்பீர், பாதியில் தடைப்படும். அப்பு விடியப்புறம் போய் நின்றவுடன் முதல் வேலையாகச் சேற்றை மிதித்து இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக் கொள்வார். முன்கால் பார்க்க வேண்டியது தாரா முதலில் தெரிகிற பக்கத்தை அல்ல, நீர் வெடி வைக்கப் போகிற பக்கத்தை. வலக்கைக்காரனுக்கு வலப்பக்கம் திரும்புவது எப்போதும் கஷ்டம், உம்முடைய கொப்பிக் கணக்குக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கன்னம் பிடங்கில் ஒட்டியிருக்க வேண்டும். விழுகிறதா என்று பார்க்கத் தலையை நிமிர்த்தினால் வெடி மேலால் போகும்.

தூரத்தையும் சொல்ல வேண்டும். கழுத்தின் நிறம் பிரித்துத் தெரியாவிட்டால் விசையைத் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வாடைக்காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வருகிற தாரா நினைப்பதைவிட வேகமாக இருக்கும், தண்ணீருக்கு மேலே தூரமும் குறைவாகத்தான் தெரியும்.

இனி ஊரில் செய்யக்கூடிய பயிற்சி. தும்புத்தடியின் கைபிடியில் சின்ன ரோர்ச் லைற் ஒன்றை முன்பக்கம் பார்க்கக் கட்டும். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, தடியைத் துவக்குப் போலத் தோளில் வைத்து, சுவரும் முகடும் சேருகிற கோட்டில் ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்கு வெளிச்சத்தைக் கொண்டு போம். வெளிச்சம் கோட்டை விட்டு இறங்கவும் கூடாது, நிற்கவும் கூடாது. நடுவில் "டக்" என்று வாயால் சொல்லும். சொல்கிற இடத்தில் வெளிச்சம் துள்ளி நிற்பதை உம்முடைய கண்ணாலேயே காண்பீர். அது துள்ளாமல் போகிற நாள் வரைக்கும் செய்யும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும், தோள் நோக நோகச் செய்து பயனில்லை.

சுன்னாகம்:

பிறந்தது சுன்னாகம், இருப்பது மெல்பேண். பன்னிரண்டு வருடமாகத் தட்டு (வானத்தில் எறிந்துவிடுகிற களிமண் தட்டு) சுடுகிறேன், பறவை சுடுவதில்லை. ஐயா சொன்ன பயிற்சி எங்கள் கிளப்பிலும் சொல்லிக் கொடுக்கிற ஒன்றுதான்.

முதலில் மச்சான் ஏன் அளவு சொல்ல முடியாமல் நிற்கிறார் என்பதற்கு ஒரு கணக்கு. தாரா மணிக்கு 80 கிலோமீற்றர் போகிறது என்று வையுங்கள், செக்கனுக்கு 22 மீற்றர். நீங்கள் பாவிக்கிற ஸ்டீல் தோட்டாவின் சன்னம் குழலை விட்டு வெளிக்கிடும்போது செக்கனுக்கு 430, 440 மீற்றர் வேகத்தில் இருக்கும், ஆனால் காற்றில் சடுதியாக வேகம் குறையும். 30 மீற்றர் தூரத்துக்குப் போக ஏறத்தாழ பத்தில் ஒரு செக்கன். அதற்குள் தாரா 2 மீற்றருக்கு மேல் போய்விடும், கிட்டத்தட்ட நாலு தாராவை வரிசையில் வைத்த நீளம். குறுக்கே போகிற பறவைக்கு உண்மையான இடைவெளி இதுதான். ஆனால் பின்னாலிருந்து முந்திக்கொண்டு போகிறவனுடைய குழல் பறவையைவிட வேகமாக ஓடுகிறது, மூளை "இழு" என்று சொல்லி விரல் இழுத்துச் சன்னம் வெளிக்கிடுவதற்குள் குழல் இன்னும் முன்னால் போய்விடும். அதனால் அவன் கண்ணுக்கு அரை மீற்றர் மாதிரித்தான் தெரியும். வேறொருவன் ஆரம்பம் முதலே முன்னால் பிடித்துக்கொண்டு பறவையின் வேகத்திலேயே போவான், அவனுக்கு முழு 2 மீற்றரும் தெரியும். இருவரும் சொல்வது சரி, ஒருவர் அளவு மற்றவருக்கு உதவாது. ஆகவே அளவைக் கேட்காதீர்கள், ஒரு முறையைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். புதிதாகப் பழகுகிறவருக்கு ஐயா சொன்ன முறை நல்லது, ஏனென்றால் அதில் குழல் நின்றுபோவது கஷ்டம்.

ஐயமிருந்தால் முன்னுக்கு விடுங்கள். சன்னம் ஒரு தட்டையான வட்டமாகப் போவதில்லை, நீளவாட்டில் ஒரு சரம் மாதிரி இழுபட்டுப் போகிறது. கொஞ்சம் முன்னால் விட்டால் பறவை அந்தச் சரத்தின் கடைசிக்குள்ளாவது வந்து சேரும். பின்னால் விட்டால் ஒன்றுமே இல்லை.

சோக் பற்றிச் சுருக்கமாக. 40 யார் (கெஜம்) தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் விழுகிற சன்னம் ஃபுல் சோக் என்றால் 70 வீதம், மொடிஃபைட் 60, இம்புறூவ்ட் சிலிண்டர் 50 என்பது ஈயச் சன்னத்துக்கு எழுதப்பட்ட கணக்கு. கனடாவில் தாராவுக்கு 1999 முதல் ஈயம் தடை, ஸ்டீல் ஈயத்தைவிடக் கடினம், குழலுக்குள் நசியாது, அதனால் இன்னும் நெருக்கமாகப் போகும். உங்கள் மொடிஃபைட் ஸ்டீலுக்கு ஃபுல் மாதிரி வேலை செய்யலாம், 25 யாருக்குள் சுடுகிறவருக்கு அது தேவையில்லாத நெருக்கம். திரும்பிப் போனதும் நீங்கள் வழக்கமாகச் சுடுகிற தூரத்தில் பெரிய கடதாசி கட்டி, மூன்று வெடி மூன்று கடதாசிக்கு வைத்து எண்ணிப் பாருங்கள். வேறு சோக் வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இப்போது முக்கியமான விசயத்துக்கு வருகிறேன். உங்கள் கொப்பியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒரு கண் மூடினால் நேராக அடிக்கிறது. இரண்டு கண் திறந்தால் இடமிருந்து வலம் போகிறது ஒன்றும் விழவில்லை, வலமிருந்து இடம் போகிறது விழுகிறது. நிற்பதுதான் ஒரே பிழை என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தப்ப வேண்டும். எனக்கு உங்கள் கண்ணில்தான் சந்தேகம்.

கை மாதிரிக் கண்ணிலும் ஒன்று ஆளும். இரண்டு கையையும் முழுதாக நீட்டி, உள்ளங்கைகளை வெளிப்பக்கம் காட்டி, பெருவிரல்களுக்கும் சுட்டுவிரல்களுக்கும் நடுவே சின்ன முக்கோண ஓட்டை ஒன்று வையுங்கள். இரண்டு கண்ணும் திறந்தபடி தூரத்தில் ஒரு பொருளை அந்த ஓட்டைக்குள் பாருங்கள். பொருளை விடாமல் கையை மெல்ல மெல்ல முகத்துக்குக் கொண்டு வாருங்கள். கை எந்தக் கண்ணுக்கு வந்து சேர்கிறதோ அதுதான் ஆளுகிற கண். துவக்கு வலத்தோளில், ஆளுகிற கண் இடக்கண் என்றால், இடக்கண்ணும் குழல் நுனியும் பறவையும் ஒரு கோட்டில் வரும்படி உங்களை அறியாமல் பிடிப்பீர்கள். அப்போது குழல் உண்மையில் பார்ப்பது பறவைக்கு இடப்பக்கத்தை. 30 மீற்றரில் அது ஒரு மீற்றருக்கு மேல் பிசகலாம். வலப்பக்கம் போகிற தாராவுக்கு இடப்பக்கம் என்றால் பின்னால். இடப்பக்கம் போகிற தாராவுக்கு அது முன்னால், நீங்கள் விடாத இடைவெளியை உங்கள் கண் விட்டுக் கொடுத்திருக்கிறது. பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மண்டைதீவுக் கரை:

நான் வேட்டைக்காரன் இல்லை, பறவை பார்க்கிறவன். வாசித்துக்கொண்டு வந்ததால் சில விசயங்கள் சொல்லத் தோன்றியது.

இதை வாசிக்கிற இளம் ஆட்களுக்கு: இலங்கையில் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது, 2009இல் இன்னும் இறுக்கியிருக்கிறார்கள். சுண்டிக்குளம் 1938 முதல் பறவைகள் சரணாலயம், 2015 முதல் தேசியப் பூங்கா. பயிர்ப் பாதுகாப்புக்கென்று கொடுக்கப்படுகிற துவக்கு தாரா சுடுவதற்கு இல்லை. இங்கே வருகிற ஊசிவாலும் நீலச்சிறகியும் மத்திய ஆசியா, சைபீரியா பக்கமிருந்து வருபவை, பங்குனி, சித்திரைக்குள் திரும்பப் பறக்க உடம்பில் கொழுப்புச் சேர்க்கத்தான் நம் பரவைக்கடலில் நிற்கின்றன. பழகுவதற்காக அவற்றைக் கோர்ண் அடித்தோ கல்லெறிந்தோ எழுப்பாதீர்கள். ஒருமுறை எழும்பினால் தின்று சேர்த்ததில் ஒரு பங்கு போய்விடும். மாலையில் அவை தாமாகவே இடம் மாறும், பண்ணைப் பாலத்தில் நின்றால் உங்கள் விரலுக்கு வேண்டிய அளவு வரும். ஆலாவைத் தொடர்ந்து பாருங்கள், தாராவைவிட மெதுவாகப் பறக்கும், ஆனால் சடாரென்று திரும்பும், கண்ணுக்கு நல்ல பயிற்சி.

இன்னொன்று, விரல் மட்டும் போதும். வெளியில், அதுவும் முகாம் இருக்கிற பக்கங்களில், பொல்லைத் துவக்குப் போலத் தோளில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். பார்க்கிற சனத்துக்கு அது விளையாட்டாகத் தெரியாது, எங்கள் ஊரில் அதைக் கண்டு நெஞ்சு பதறுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். தும்புத்தடி அறைக்குள் இருக்கட்டும்.

காயப்பட்டதை ஒரு மணித்தியாலம் தேடினேன் என்று எழுதியிருந்தீர்கள். நன்றி.

கோப்பாய்ப் பெடியன்:

ஐயா, அண்ணைமார், எல்லோருக்கும் நன்றி. மண்டைதீவு அண்ணை சொன்னது எனக்கு உறைத்தது, நான் வல்லைவெளியில் எழுப்பவில்லை, ஆனால் நாளைக்கு யாராவது அப்படிச் செய்யக்கூடும், எழுதியது நல்லது. இந்த ஒன்பது நாளும் பொல்லு வெளியே வரவில்லை.

கண் சோதனை செய்தேன். கிணற்றடியில் நின்று பக்கத்து வளவுப் பனையின் வட்டைக் கைமுக்கோணத்துக்குள் பார்த்தேன், கையைக் கிட்டக் கொண்டு வந்தேன், நேரே இடக்கண்ணில் வந்து முட்டியது. நம்பாமல் மூன்று தரம் செய்தேன், பிறகு அம்மாவை முன்னுக்கு நிற்க வைத்து அவரின் மூக்கைப் பார்த்துச் செய்தேன், அவரும் "எனக்கு உன்ர இடக்கண்தான் தெரியுது" என்றார். மூன்று சீசன் இது தெரியாமல் தோட்டாவையும் மச்சானையும் நொந்திருக்கிறேன்.

தும்புத்தடியும் செய்கிறேன். ஐயா சொன்னது அப்படியே நடந்தது, "டக்" என்றதும் வெளிச்சம் ஒரு சாண் அளவு துள்ளி நிற்கிறது. அதுவும் வலப்பக்கம் கொண்டு போகும்போதுதான் கூட. முதல் மூன்று நாள் ஒவ்வொரு முறையும் நின்றது. நாலாம் நாள், முன்காலைப் போய்ச் சேருகிற மூலைப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, இடுப்பால் திரும்பினேன். அன்றுதான் முதல் தடவை நிற்காமல் போனது. நேற்று இருபதில் பதின்மூன்று தரம் போனது. ஆனால் வாயால் சொல்லாமல் விரலை மடக்கினால் திரும்பவும் துள்ளுகிறது, அதைத்தான் இப்போது பழகுகிறேன்.

இப்போது கேள்வி: இடத்தோளுக்கு மாறுவதா, இல்லை கண்ணுக்கு ஏதாவது செய்வதா? எனக்கு முப்பத்துநாலு வயது, வலக்கையாலேயே எல்லாம் செய்து பழகியவன்.

சுன்னாகம்:

சிறு பிள்ளை என்றால் தோளை மாற்றச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு முதலில் கண்ணாடியைச் செய்து பாருங்கள். சூட்டுக்குப் போடுகிற பாதுகாப்புக் கண்ணாடியின் இடப்பக்கத்தில், அரைகுறையாக வெளிச்சம் விடுகிற ஒட்டுத்தாள் ஒரு சின்னத் துண்டு, ஒரு சதத்துக்குற்றி அளவு. முழுக் கண்ணாடியையும் மறைக்காதீர்கள், பறவை வருவதைக் காண இரண்டு கண்ணும் வேண்டும். துவக்கைத் தோளில் வைத்துக் கன்னம் ஒட்டின பிறகு இடக்கண்ணுக்குக் குழல் நுனி மட்டும் மறைய வேண்டும். அந்த இடம் ஆளுக்கு ஆள் வேறு, மச்சானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிடியுங்கள். துவக்கில் தோட்டா இல்லை என்று நீங்கள் ஒரு தரம், அவர் ஒரு தரம் திறந்து பார்த்த பிறகு. சீசனுக்கு முதல் பக்கத்தில் உள்ள தட்டுக் கிளப்புக்குப் போய், இடமிருந்து வலம் போகிற தட்டு மட்டும் 50 சுடுங்கள். ஸ்கீட் என்கிற போட்டியே 1920களில் அமெரிக்காவில் பறவை வேட்டைக்காரர் தங்கள் சூட்டைப் பழக என்று உண்டாக்கியதுதான், உங்கள் வேலைக்குப் பொருந்தும்.

தொண்டைமானாறு:

தம்பி, இதை வாசித்த பிறகுதான் எனக்கு ஒரு விசயம் விளங்கியது. எங்கள் பெரியப்பா வேட்டைக்குப் போகும்போது மட்டும் மூக்குக்கண்ணாடியின் இடப்பக்கத்தில், சிகரெட் பெட்டிக்குள் வருகிற மெல்லிய வெள்ளைக் கடதாசியில் ஒரு துண்டு கிழித்து எச்சில் தொட்டு ஒட்டிக் கொள்வார். வெயில் கூசுகிறது என்று ஒட்டுகிறார் என்றுதான் ஐம்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். விடியப்புறம் என்ன வெயில். வரம்பில் குந்தியிருந்து, அந்தக் கடதாசியைப் பெருவிரலால் ஒரு நூல் மேலே, ஒரு நூல் கீழே என்று நகர்த்தி, துவக்கை எடுத்து வைத்துப் பார்த்து, திரும்பவும் நகர்த்துவார். அப்பு "அண்ணை, தாரா வந்திடும்" என்று அவசரப்படுத்தினாலும் அது சரியாக வரும் வரைக்கும் எழும்ப மாட்டார்.

நீர் விரலை மடக்கும்போது வெளிச்சம் துள்ளுகிறது என்றால் தடியை இடக்கையால் இறுக்கிப் பிடிக்கிறீர். கொஞ்சம் தளர்த்தும். போகும் முன் ஒருநாள் தொண்டைமானாற்றுப் பக்கம் வாரும், செல்வச்சந்நிதியில் யாரைக் கேட்டாலும் தாரா இறங்குகிற பக்கத்தைக் காட்டுவார்கள், நானும் பின்னேரத்தில் அங்கேதான் இருப்பேன்.